ஒரு சாண் தள்ளி ஒரு தோட்டா

"டுமீல்...!"

மெல்பர்னுக்கு வெளியே, த பேசின் என்ற ஊரின் மலையடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையை அந்தச் சத்தம் இரண்டாகக் கிழித்தது.

யூகலிப்டஸ் மரங்களிலிருந்து வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் கூட்டமாய் எழும்பி, யாரோ தங்களைத் திட்டிவிட்டது போல அலறின.

பிறகு இன்னோர் அலறல்.

இது மனிதக் குரல்!

"அப்பா...!"

பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் காரை நிறுத்திய ஹரிப்பிரியா, வீட்டின் பின்பக்கம் ஓடினாள். அங்கே, மலையைப் பார்த்தபடி இருந்த மரத்தாலான டெக்கில்...

அவளுடைய அப்பா மகாதேவன் கிடந்தார்.

சாய்ந்து விழுந்த நாற்காலி. உருண்டோடிய இட்லிகள். வெள்ளைச் சட்டையில் மார்பிலிருந்து இடுப்பு வரை ஒரே சிவப்பு!

கண்கள் மூடியிருந்தன. மூச்சு...?

இல்லை போலத்தான் இருந்தது.

ஹரிப்பிரியா பிசியோதெரபிஸ்ட். அப்பாவின் கழுத்தில் நாடி தேடினாள்.

பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்தது.

"போலீஸுக்குப் போன் பண்ணினியாம்மா?" என்று கேட்டது.

"அப்பா! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்... கை எரியுது... அந்த லதீஸ் பயதான்! மலையில இருந்து என்னைச் சுட்டுட்டான்!"

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? வேற யார் சுடுவா?"

மார்பில் இருந்தது தக்காளிச் சட்னி. உண்மையான ரத்தம் இடது மேல்கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. தோட்டா சதையின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போயிருந்தது.

மகாதேவன் மெல்லத் தலையைத் திருப்பித் தன் கையைப் பார்த்தார்.

"ஐயோ... நிஜ ரத்தம்!"

இந்த முறை நிஜமாகவே மயங்கினார்.

*

டிடெக்டிவ் பிரதீப்குமார் கோயமுத்தூர்க்காரர். மெல்பர்ன் போலீஸில் சேர்ந்து, ஆங்கிலத்தில் கைது செய்து, தமிழில் அலுத்துக்கொள்பவர்.

டெக்கில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"எது ரத்தம், எது சட்னின்னு பிரிச்சு எடுக்கறதுக்குள்ள லேப்காரன் அழுதுடுவான்," என்றார். பிறகு, கட்டுப் போட்ட கையோடு சோபாவில் சாய்ந்திருந்த மகாதேவனிடம் வந்தார்.

"சொல்லுங்க சார். உங்களுக்கு யாராவது எதிரி?"

"ஒரே ஒருத்தன். லதீஸ்! இலங்கைப் பையன். படகுல வந்தவன். என் தோட்டத்துல புல் வெட்டுறான். என் பொண்ணைக் கட்டிக் கொடுன்னு கேட்டான். முடியாதுன்னேன். சுட்டுட்டான்!"

"அவர் கேக்கலப்பா," என்றாள் ஹரிப்பிரியா. "நான்தான் கேட்டேன்."

"நீ சும்மா இரும்மா! சார், வியாழக்கிழமை என் துப்பாக்கி காணாமப் போச்சுன்னு கம்ப்ளெயின்ட் கொடுத்தேன்ல? ஆஸ்திரியாவுல செஞ்ச பழைய வேட்டைத் துப்பாக்கி. உலகப் போருக்கு முந்தினது. மேல டெலஸ்கோப் வெச்சது. அதை எடுத்தது அவன்தான்!"

"அவருக்கு அந்தத் துப்பாக்கியைப் பத்தித் தெரியுமா?"

"தெரியுமாவா? வாராவாரம் அவன்தான் க்ளீன் பண்ணுவான். ஸ்கோப்பைக் கழட்டறது, மாட்டறது எல்லாம் அத்துப்படி. கண்ணை மூடிக்கிட்டு ஒத்தை விரல்ல கழட்டுவான்!"

பிரதீப்குமாரின் புருவம் உயர்ந்தது.

"லைசென்ஸ் இல்லாத ஆள் கையில துப்பாக்கியைக் கொடுத்தீங்களா?"

மகாதேவன் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார்.

"க்ளீனிங்குக்கு... மட்டும்..."

"அதை அப்புறமாப் பேசுவோம்."

சோபாவின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த செந்தில்நாதன் நண்பரின் நெற்றியில் ஈரத்துணியை ஒற்றினார். மகாதேவனின் சாஃப்ட்வேர் கம்பெனியில் சரிபாதிப் பங்காளி. துப்பாக்கி கிளப் உறுப்பினர். செய்தி கேட்டதும் முதலில் ஓடி வந்தவர் அவர்தான்.

"விடக் கூடாது சார் அவனை," என்றார் செந்தில்நாதன். "நண்பன்கூட இல்ல, எனக்கு அண்ணன் மாதிரி இவன்!"

அப்போது வெளியே ஒரு கான்ஸ்டபிளின் குரல் கேட்டது.

தோட்டத்தின் கீழ்ப்பக்கம் நின்றிருந்த லதீஸின் யூட்டில், அந்தத் திறந்த சரக்கு வண்டியில், புல் வெட்டும் எந்திரத்துக்கு அடியில், தார்ப்பாயில் சுற்றியபடி...

துப்பாக்கி!

*

லதீஸுக்கு முப்பது வயது இருக்கும். விசாரணை அறையில் கைகளை மேஜை மேல் வைத்து, பரீட்சை எழுத வந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

"நேத்து காலையில துப்பாக்கி வெடிச்சப்போ எங்க இருந்தீங்க?"

"கீழ் வளவுக்குள்ள புல்லு வெட்டினனான் சேர். மெஷின் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"யாராவது பார்த்தாங்களா?"

"புல்லுத்தான் பாத்தது."

"மகாதேவன் துப்பாக்கியை வாராவாரம் நீங்கதான் க்ளீன் பண்ணுவீங்களாமே?"

லதீஸ் நிமிர்ந்தான்.

"அந்தத் துவக்கை நான் நேற்றுத்தான் முதன்முதலாக் கண்டனான். அதுவும் உங்கட பொலிஸ்காரர் தூக்கிக்கொண்டு வரேக்கை!"

"வேட்டைக்குப் போனதுண்டா? மலை பூரா மான் இருக்கு."

"அது மரை சேர், பெரிய சாதி மான். எங்கட நாட்டு மரையும் அதுக்குள்ள இருக்கு. அந்தக் காலத்தில கப்பல்ல வந்ததுகள். அதுகளிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லை. எனக்கு அதுகளில கொஞ்சம் பொறாமை. சுடுற அளவுக்குக் கோவம் இல்லை."

பிரதீப்குமாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"லதீஸ், உண்மையைச் சொல்றேன். துப்பாக்கி உங்க வண்டியில இருந்தது. காரணமும் இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் நான் சார்ஜ் போட்டே ஆகணும்."

லதீஸின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச விளையாட்டும் போய்விட்டது.

"சார்ஜ் போட்டா என்ர டெம்பரரி விசா போயிடும் சேர். விசா போனா தடுப்பு முகாம். முகாமுக்குப் பிறகு... பிளேன்."

அவன் குரல் மிகவும் தணிந்தது.

"பிரியாட்டச் சொல்லுங்கோ, அழ வேண்டாமெண்டு. அழுதா அவவுக்குத் தலையிடி வரும்."

பிரதீப்குமார் எழுந்து வெளியே வந்தார். அடுத்த நிமிடம் காரில் இருந்தார். பின் சீட்டில் அந்தத் துப்பாக்கி.

சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது!

*

பக்கத்து ஊரான பேஸ்வாட்டரில், டயர்க் கடைக்கும் மீன் தொட்டி விற்கும் கடைக்கும் நடுவில் இருந்தது தர்ஷனாவின் பட்டறை.

துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரே தமிழ்ப்பெண் தான்தான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். உண்மையா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் அவள் எப்போதும் கையில் துப்பாக்கியோடு இருப்பாள்.

"இதை என்னட்டத்தான் வாங்கினவர் மகாதேவன் அங்கிள்," என்றாள், துப்பாக்கியை வாங்கிக்கொண்டே. "போன மாசம் சர்வீஸுக்கும் வந்தது. நானே சுட்டுப் பாத்து அனுப்பினனான். நெத்தியில பொட்டு வைக்கிற மாதிரி நடுவில விழுந்தது..."

சட்டென்று நிறுத்தினாள்.

"அடப்பாவி!"

"என்ன மேடம்?"

"ஆர் இந்த வேலை பாத்தது? கொலை முயற்சியை விடுங்கோ... இதுக்கே தூக்கில போடலாம்!"

"எதுக்கு?"

"இஞ்ச பாருங்கோ. ஸ்கோப்புக்குக் கீழ நாலு நகம் இருக்கு. பல்லி சுவரைப் பிடிக்கிற மாதிரி, அந்த நகம் துவக்கில இருக்கிற பள்ளத்துக்குள்ள கொழுவி நிக்கும். கழட்டுறதுக்கு இந்தச் சின்னத் தகட்டைப் பின்னுக்குத் தள்ளினாப் போதும்."

ஒரு விரலால் தள்ளினாள். க்ளிக்! ஸ்கோப்பின் பின்பக்கம் எழும்பியது. கையோடு வந்துவிட்டது.

பிரதீப்குமார் வாயைப் பிளந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இப்ப இதைப் பாருங்கோ. பின் மவுண்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்க்ரூ. பாத்தா இதுதான் ஸ்கோப்பைப் பிடிச்சிருக்கிற மாதிரித் தெரியும். இப்பத்தைய துவக்கு பழகின ஆக்கள் எல்லாரும் இதிலதான் கையை வைப்பினம்."

"வெச்சா?"

"நாசம்! அந்தக் காலத்து ஸ்கோப்பில மேல் கீழ் திருத்த மட்டும்தான் குமிழ் இருக்கும். இடம் வலம் திருத்திறதுக்குத்தான் இந்த ரெண்டு ஸ்க்ரூவும். இதைத் திருகினா ஸ்கோப் ஒரு பக்கம் பாக்கும், குழல் வேற பக்கம் பாக்கும். கோவிச்சுக்கொண்ட புருசன் பெண்சாதி மாதிரி!"

அவள் பூதக்கண்ணாடியை நீட்டினாள். ஸ்க்ரூவின் மெல்லிய வெட்டில் விளிம்புகள் கடித்துத் துப்பியது போல் சிதைந்து, புத்தம் புதிதாய் மின்னின.

"தடிச்ச ஸ்க்ரூட்ரைவரால நெம்பி இருக்கிறார். ஸ்கோப் வரேல்லை. சரியெண்டு பழையபடி இறுக்கிப் போட்டு, அப்பிடியே கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறார்."

"எதுக்கு மேடம் கழட்டணும்?"

"ஸ்கோப்போட சேத்துப் பைக்குள்ள அடங்கேல்லை போல."

பிரதீப்குமார் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"மகாதேவன் என்ன சொன்னார் தெரியுமா? லதீஸ் ஒத்தை விரல்ல கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டுவான்னார்!"

தர்ஷனா சிரித்தாள்.

"அது உண்மையெண்டா, லதீஸ் இந்த ஸ்க்ரூவைத் தொட்டிருக்க மாட்டார். பொய்யெண்டா... அங்கிள் ஏன் பொய் சொன்னவர்?"

"மேடம், உங்க கடையை மூடுங்க. இதைச் சுட்டுப் பார்க்கணும். அப்புறம் ஒரு வீட்டுக்குப் போகணும்."

"சுட்டுப் பாக்கிறதுக்கா? லஞ்சையும் கட் பண்ணுவன்!"

*

திங்கள் பிற்பகல். மறுபடியும் அதே டெக்.

மகாதேவன் கட்டோடு நாற்காலியில். பக்கத்தில் செந்தில்நாதன். எதிரே ஹரிப்பிரியா, அழுது வீங்கிய கண்களோடு. படியருகே இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் லதீஸ்.

"பிரியா, நீர் சாப்பிட்டனீரா?" என்றான் லதீஸ்.

"பேசாதே அவகிட்ட!" என்று கத்தினார் மகாதேவன். "சார், இன்னும் எதுக்கு இவனை இங்க கூட்டிட்டு வந்தீங்க? சார்ஜ் பண்ணி அனுப்ப வேண்டியதுதானே?"

"ஒரு சின்ன வேலை பாக்கி சார்," என்றார் பிரதீப்குமார். துப்பாக்கியை மேஜை மேல் வைத்தார். "தோட்டா கிடையாது. பயப்படாதீங்க. ஸ்கோப்பைத் தனியா லேப்புக்கு அனுப்பணும். செந்தில் சார், நீங்க கிளப்காரர். கொஞ்சம் கழட்டிக் கொடுங்களேன்?"

"தாராளமா!"

செந்தில்நாதன் துப்பாக்கியை வாங்கினார். ஸ்கோப்பைத் தடவினார். பின்பக்கம் பார்த்தார்.

"சின்ன ஸ்க்ரூட்ரைவர் ஒண்ணு கிடைக்குமா?"



ஹரிப்பிரியா மெல்ல எழுந்தாள்.

"அங்கிள்... அதுக்கு ஸ்க்ரூட்ரைவர் வேணாமே. அப்பா கழட்டறதை நானே பார்த்திருக்கேன்."

அவள் ஒரு விரலை நீட்டித் தகட்டைத் தள்ளினாள்.

க்ளிக்!

ஸ்கோப் அவள் கைக்கு வந்தது.

செந்தில்நாதனின் நெற்றியில் வியர்வை பூத்தது. குளிர்காலம் அது!

"இந்த ஸ்க்ரூவை ஏற்கெனவே ஒருத்தர் நெம்பியிருக்கார் சார்," என்றார் பிரதீப்குமார். "உங்க கார் டிக்கியில இருக்கற டூல் பாக்ஸை நாங்க பார்க்கலாமா? அப்படியே நேத்து நான் அதுல பார்த்த பெரிய கிரிக்கெட் பையையும்?"

"அது... நான்..."

செந்தில்நாதன் சட்டென்று மகாதேவன் பக்கம் திரும்பினார்.

"மகா! இனிமே மறைக்க முடியாது. சொல்லிடு! பூந்தொட்டியைச் சுடச் சொன்னது நீதானே?"

"டேய்...!"

"என்ன டேய்? உன் நாடகத்துக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

"அப்பா?" என்றாள் ஹரிப்பிரியா. "என்ன நாடகம்?"

மகாதேவன் ஓட்டை விழுந்த டயர் போல ஆனார்.

"உன் நல்லதுக்குத்தான்மா... நான் முடியாதுன்னு சொன்னா நீ கேக்கல. இவன்மேல ஒரு கேஸ் விழுந்தா, கவர்ன்மென்ட்டே அனுப்பி வெச்சுடும்னு... துப்பாக்கியை செந்தில்கிட்ட நான்தான் கொடுத்தேன். காணோம்னு பொய் கம்ப்ளெயின்ட் கொடுத்தேன். மலையில இருந்து இந்தப் பூந்தொட்டியைச் சுடணும், நான் கீழ விழுந்து சட்னியைக் கொட்டிக்கணும், துப்பாக்கி லதீஸ் வண்டியில இருக்கணும். அவ்வளவுதான் பிளான். குறி கொஞ்சம் தப்பி என் கையில பட்டுடுச்சு!"

ஹரிப்பிரியா ஸ்கோப்பை மேஜை மேல் வைத்தாள். லதீஸின் பக்கத்தில் போய் நின்றாள்.

லதீஸ் தலையைச் சொறிந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பூந்தொட்டியை உடைச்சிருப்பன், அங்கிள்."

"குறி தப்பினது அந்த ஸ்க்ரூவாலதான் சார்," என்றார் செந்தில்நாதன் அவசரமாய். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "விபத்து! வெறும் விபத்து! நான் தொட்டியைத்தான் குறி பார்த்தேன்!"

"ஒரு நிமிசம்."

இதுவரை மூலையில் சாய்ந்து, மேஜைத் தட்டிலிருந்து எடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த தர்ஷனா முன்னால் வந்தாள்.

"எந்தப் பூந்தொட்டி?"

"அதோ," என்று காட்டினார் மகாதேவன். அவருக்கு இடப்பக்கம், சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு ஜெரேனியம் தொட்டி சிவப்பாய்ப் பூத்திருந்தது. "முதல்ல என் பக்கத்துலதான் இருந்தது. எனக்குப் பயமா இருந்துச்சு. நான்தான் அங்க தள்ளி வெச்சேன்."

"நேற்றும் நீங்கள் இப்பிடியே மலையைப் பாத்துக்கொண்டா இருந்தனீங்கள்?"

"ஆமா."

"அப்ப சரி. மத்தியானம் நானும் சாரும் இந்தத் துவக்கைச் சுட்டுப் பாத்தனாங்கள். மலையில இருந்து இந்த வீடு எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில. குறியில இருந்து ஒரு சாண் தள்ளி அடிக்குது."

"அதான் சொன்னேனே!" என்றார் செந்தில்நாதன்.

"எந்தப் பக்கம் தள்ளி எண்டு கேக்கேல்லையே நீங்கள்?"

செந்தில்நாதனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"குசினிப் பக்கம்!" என்றாள் தர்ஷனா. "தொட்டியைக் குறி பாத்திருந்தா, தோட்டா அங்கிளை விட்டு இன்னும் தூரமாப் போய், குசினி ஜன்னலை உடைச்சிருக்கும். அவரில பட வழியே இல்லை. ஆனா பட்டது. அப்ப எங்க குறி பாத்தவர்?"

அவள் மகாதேவனின் எதிரே குனிந்தாள். கட்டைவிரலை அவருடைய இடது மேல்கைக் கட்டின் மேல் வைத்தாள். கையை விரித்தாள். சுண்டுவிரல் மார்பின் குறுக்கே ஊர்ந்து...

சட்டைப் பையின் மேல் வந்து நின்றது.

அதன் கீழே மகாதேவனின் இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சாண்," என்றாள் தர்ஷனா.

மகாதேவன் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தார். செந்தில்நாதனைப் பார்த்தார். மறுபடியும் சுண்டுவிரலைப் பார்த்தார்.

"செந்திலு... என்னையா?"

"மகா, நான் வந்து..."

"துப்பாக்கியை நான்தானேடா கொடுத்தேன்! இடத்தைக் காட்டினேன்! நேரத்தைச் சொன்னேன்! பழி போட ஆளையும் நானே பிடிச்சுக் கொடுத்தேன்!"

"கம்பெனி முழுசும் யாருக்குப் போகும் சார், நீங்க இல்லன்னா?" என்று கேட்டார் பிரதீப்குமார் மென்மையாய்.

மகாதேவன் பதில் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. செந்தில்நாதன் டெக்கிலிருந்து குதித்தார்! ஜெரேனியம் தொட்டி இடறியது. அடுத்த கணம் புல்லில் குப்புறக் கிடந்தார். முதுகின் மேல் ஒரு கான்ஸ்டபிள், முகத்தின் மேல் பூ.

"கடைசியில தொட்டியை அடிச்சிட்டார்," என்றாள் தர்ஷனா.

லதீஸின் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் விலகிக்கொண்டார். பிரதீப்குமார் அவன் தோளைத் தட்டினார்.

"நீங்க போகலாம் லதீஸ். சார்ஜ் கிடையாது. உங்க பேருக்கு எதிரா ஒரு வரிகூடப் போகாது."

லதீஸ் தலையசைத்தான். நீண்ட மூச்சொன்று விட்டான். நேற்றுக் காலையிலிருந்து உள்ளேயே பிடித்து வைத்திருந்த மூச்சு அது. ஹரிப்பிரியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு முன்னாலேயே!

மகாதேவன் மெல்ல எழுந்தார்.

"அப்போ... நானும் போய்ப் படுத்துக்கட்டுமா சார்? கை வலிக்குது."

"நீங்க எங்க சார் போறீங்க? பொய் கம்ப்ளெயின்ட், பொய் சாட்சி, துப்பாக்கியை அடுத்தவர் கையில கொடுத்தது... வண்டியில ஏறுங்க."

"நான்... நான் பாதிக்கப்பட்டவன் சார்!"

"அதுவும்தான். பயப்படாதீங்க, பெயில் கிடைச்சுடும். வீட்டை விட்டு மாறக் கூடாது. ஊரை விட்டுப் போகக் கூடாது. வாராவாரம் ஸ்டேஷன்ல வந்து கையெழுத்துப் போடணும். கூப்பிட்டா உடனே வரணும்."

மகாதேவனின் குரல் உடைந்தது.

"இதெல்லாம் டெம்பரரிதானே சார்? எனக்கு ஒரு முடிவா, பெர்மனென்ட்டா எப்ப சொல்லுவாங்க?"

பிரதீப்குமார் வாயைத் திறப்பதற்குள் லதீஸ் முந்திக்கொண்டான்.

"அதைத்தான் அங்கிள் நானும் வந்த நாளில இருந்து கேட்டுக்கொண்டு நிக்கிறன்... கியூவில எனக்குப் பின்னால வந்து நில்லுங்கோ!"